பொம்மைக்குச் சாயம் போடலாமா?

சாம்பார் வெச்ச பிளாஸ்டிக் டப்பாவை எத்தனை தடவை சோப்பு போட்டுத் தேய்ச்சாலும் அந்த மஞ்சள் போகாது. துபாயில இருந்தாலும் சரி, டொராண்டோவில இருந்தாலும் சரி, நம்ம வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்தா அப்படி ஒரு டப்பா கட்டாயம் இருக்கும். மஞ்சள்தூள்ல இருக்கற நிறம் தண்ணியில சரியா கரையாது, எண்ணெயில நல்லா கரையும். சூடான எண்ணெயோட சேர்ந்து பிளாஸ்டிக்குக்குள்ளயே இறங்கி உட்கார்ந்துக்குது. மேல ஒட்டியிருந்தா தேய்ச்சு எடுத்துடலாம். உள்ள போனதை எப்படி எடுக்கறது? (ரெண்டு மூணு நாள் நல்ல வெயில்ல வைங்க, தானா வெளுக்கும். எங்கம்மா வைத்தியம். இன்னிக்கும் பலிக்குது.)

இந்த டப்பா சமாசாரத்தைத்தான் ஒரு கூட்டம் வேணும்னே பொம்மைகளுக்குச் செஞ்சுக்கிட்டு இருக்கு. துணிக்குப் போடற சாயத்தை வெந்நீர்ல கரைச்சு, சேகரிச்சு வெச்சிருக்கற பிளாஸ்டிக் பொம்மையைக் கழட்டி அதுல முக்கி நிறத்தை மாத்தறாங்க. வெள்ளை ரோபோ கறுப்பாகுது, சாம்பல் நிறச் சிப்பாய் நீலமாகறான். பெயிண்ட் அடிச்சா போதாதான்னு கேப்பீங்க. போதாது. கையும் காலும் மடங்கற பொம்மைக்கு பெயிண்ட் அடிச்சா மூட்டுல உரசி உரசி நாலே நாள்ல உரிஞ்சிடும். பெயிண்ட்டுக்கு ஒரு கனம் உண்டு, சாயத்துக்கு அது இல்லை. அதனால மூட்டு இறுகாது, முகத்துல இருக்கற நுணுக்கமான கோடும் மூடிப்போகாது.

நான் பி.காம். படிச்சுட்டு பேங்க்ல சேர்ந்தவன். இதுல எனக்கென்ன வேலைன்னு நினைக்காதீங்க. சொந்த ஊர் திருப்பூர்ப் பக்கம். திருவனந்தபுரத்துக்கு மாற்றலாகி வர்றதுக்கு முன்னாடி, சாயப்பட்டறைக்காரங்க கொண்டு வர்ற கடன் ஃபைல்களோட பல வருஷம் குப்பை கொட்டியிருக்கேன். என்ன துணிக்கு என்ன சாயம்னு தெரியாம அங்க ஒரு ஸ்டாக் ஸ்டேட்மெண்ட்டைக்கூட சரிபார்க்க முடியாது. பருத்திக்கு ரியாக்டிவ் சாயம். நைலானுக்கும் கம்பளிக்கும் ஆசிட் சாயம். பாலியஸ்டருக்கு டிஸ்பர்ஸ் சாயம், அதுவும் பிரஷர் மெஷின்ல 130 டிகிரி வரைக்கும் ஏத்தினாத்தான் உள்ள இறங்கும். எட்டாவது படிக்கற என் பையன் ஒருநாள் வந்து, "அப்பா, துணிச் சாயம் போட்டா பொம்மை கலர் மாறுமாமே, நிஜமா?"ன்னு கேட்டப்ப எனக்கு உடனே அந்த ஃபைல்தான் ஞாபகம் வந்தது. "அது பொம்மை எந்த பிளாஸ்டிக்குங்கறதைப் பொறுத்ததுடா"ன்னேன்.

விஷயமே அங்கதான் இருக்கு. பிளாஸ்டிக்னு நாம ஒரே பேர்ல கூப்பிடறோமே தவிர, அதுல ஜாதி நிறைய. நைலான் பாகமா இருந்தா சுலபம். ஆசிட் சாயமும் ரெண்டு ஸ்பூன் வினிகரும் போட்டா கபக்னு பிடிச்சுக்கும். லெகோ கட்டைகள் 1963-லிருந்து ஏ.பி.எஸ்.ங்கற பிளாஸ்டிக்ல வருது. மடங்கற பொம்மைகள்ல பலதோட உடம்பும் அதேதான். அதுக்கு டிஸ்பர்ஸ் சாயம் வேணும். பக்கெட், மக், டப்பா மூடி செய்யற பாலிப்ரொப்பிலீனும் பாலிஎத்திலீனும் வீட்டுல கிடைக்கற எந்தச் சாயத்தையும் லேசுல ஏத்துக்காது. ஒரே பொம்மையில ரெண்டு மூணு விதம் கலந்து வரும்போதுதான் வேடிக்கை. கை ஒரு நீலம், கால் ஒரு நீலம், இடுப்பு பழைய நிறத்துலயே நிக்கும்.

சூடு இன்னொரு தலைவலி. சாயம் இறங்க சூடு வேணும். ஆனா ஏ.பி.எஸ். நூறு டிகிரி பக்கத்துல இளக ஆரம்பிக்கும், பி.வி.சி. அதுக்கு ரொம்ப முன்னாடியே. அதனால தண்ணி கொதிக்கக் கூடாது. எண்பது டிகிரி பக்கத்துல நிறுத்தி, பொறுமையா, அரைமணியோ ஒரு மணியோ கிளறிக்கிட்டே இருக்கணும். அவசரப்பட்டா சிப்பாயோட துப்பாக்கி வாழைத்தண்டு மாதிரி வளைஞ்சிடும்.

இன்னொண்ணு, சாயம் கூட்டல் கணக்கு மட்டும்தான் போடும், கழித்தல் தெரியாது. வெள்ளையைக் கறுப்பாக்கலாம், கறுப்பை வெள்ளையாக்க முடியாது. ஏன்னா பொம்மை தயாராகும்போதே பிளாஸ்டிக்கோட நிறமித்தூளைக் கலந்துடறாங்க. அது கல்லுல இருக்கற நிறம் மாதிரி உள்ளயே கிடக்கும். நாம போடற சாயம் மேல்தோல்ல கொஞ்சம் ஆழம் இறங்கி, அந்த நிறத்தோட சேர்ந்துதான் கண்ணுக்குத் தெரியும். மஞ்சள் பொம்மையை நீலச் சாயத்துல போட்டா பச்சைதான் வரும். (பழுப்பேறின வெள்ளை பிளாஸ்டிக்கை மறுபடி வெளுக்க வைக்கற வித்தை வேற. 2008 வாக்குல ஹைட்ரஜன் பெராக்சைடும் புற ஊதா வெளிச்சமும் வெச்சு பழைய கம்ப்யூட்டர் பிரியர்கள் அதைப் பிரபலமாக்கினாங்க. அது சாயம் இல்லை, வெளுப்பு.)

வெள்ளைன்னு சொன்னதும் இந்த ஊரைப் பத்தி ஒரு சேதி சொல்லியாகணும். உலகத்துல வெள்ளையா இருக்கற பிளாஸ்டிக், பெயிண்ட் எல்லாத்துலயும் பெரும்பாலும் டைட்டானியம் டைஆக்சைடுங்கற தூள்தான் வெள்ளையைக் கொடுக்குது. இந்தத் தூள் திருவனந்தபுரத்துலயே, கொச்சுவேளியில தயாராகுது. திருவாங்கூர் டைட்டானியம் கம்பெனி. கொல்லத்துப் பக்கம் சவறா கடற்கரையில கிடைக்கற கறுப்பு மணல்ல இருந்து இந்த வெள்ளைத்தூளைப் பிரிக்கறாங்க. கம்பெனி உருவானது 1946-ல், உற்பத்தி ஆரம்பிச்சது 1951-ல். கம்பெனி உருவானப்ப இங்க திவானா இருந்தவர் சர் சி.பி. ராமசாமி ஐயர். நம்ம ஊர்க்காரர்.

அதே 1946-ல் சென்னை திருவொற்றியூர்ல ஒரு இளைஞர் சின்னக் கொட்டகை போட்டு பலூன் செய்ய ஆரம்பிச்சார். குழந்தைங்க விளையாடற ரப்பர் பலூன். பேர் கே.எம். மாமன் மாப்பிள்ளை, கேரளத்துக்காரர். அவரோட அப்பா நடத்தின திருவாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் பேங்க் 1938-ல் சர் சி.பி. காலத்துல மூழ்கிப்போச்சு. அப்பா சிறைக்கும் போனார். ஒரு பேங்க் கவிழ்ந்தா அதுல பணம் போட்டவங்க கதை மட்டும்தான் பேசப்படும், நடத்தின குடும்பத்துப் பையன் பலூன் பையைத் தூக்கிக்கிட்டுத் தெருவுல நின்ன கதையை யாரும் பேசறதில்லை. எங்க ஆபீஸ்ல அந்த பேங்க் விஷயத்தை எடுத்தா இன்னிக்கும் ரெண்டு கட்சியா பிரிஞ்சு சண்டை வரும். நமக்கு வேண்டாம். அந்த பலூன் கொட்டகைதான் பிற்பாடு எம்.ஆர்.எஃப். ஆச்சு. அந்த எம்.ஆர்.எஃப்.பும் அமெரிக்காவோட ஹாஸ்ப்ரோவும் சேர்ந்து 1987-ல் ஆரம்பிச்சதுதான் ஃபன்ஸ்கூல்.

ஊரைச் சுத்திட்டு இங்க ஏன் வந்தேன்னா, சாயம் போடற விவகாரம் உண்மையிலேயே சூடாகற இடம் இதுதான்.

ஃபன்ஸ்கூல் இங்க செஞ்சு வித்த ஜி.ஐ. ஜோ சிப்பாய்கள் ஞாபகம் இருக்கா? 90கள்ல சின்னப் பசங்களா இருந்த உங்க தம்பிகளைக் கேளுங்க. மூணே முக்கால் அங்குலம், முதுகுல ஒரு ஸ்க்ரூ, உள்ள ஒரு ரப்பர் வளையம். அந்த வளையம் அறுந்தா சிப்பாய் ரெண்டு துண்டு. அச்சு அமெரிக்க அச்சு, நிறம் மட்டும் நம்ம ஊர் நிறம். அமெரிக்காவுல காக்கியா வந்தவன் இங்க வேற ஏதோ நிறத்துல வருவான். ஒரு தடவை வந்த பச்சை மாதிரி அடுத்த தடவை வராது. அப்ப நாம அதைப் பெருசா கண்டுக்கலை, "ஒரிஜினல் மாதிரி இல்லையே"ன்னு மூக்கைச் சுளிச்சவங்களும் உண்டு. ஆனா வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களுக்கு அந்த நிற வித்தியாசமே பொக்கிஷமாயிடுச்சு. இந்தியாவுல மட்டும் வந்த நிறம்னு தேடித் தேடி வாங்கறாங்க. நம்ம வீட்டுப் பரண்ல கிடந்தது அங்க கண்ணாடிப் பெட்டிக்குள்ள நிக்குது.

இப்ப யோசிச்சுப் பாருங்க. ஒரு பொம்மையோட மதிப்பே அதோட நிறத்துல இருக்கு. அந்த நிறத்தை ஒரு பாக்கெட் சாயமும் ஒரு பாத்திரம் வெந்நீரும் இருந்தா சமையலறையிலயே செய்ய முடியும். அப்ப என்ன நடக்கும்?

நடந்தது. என் கூட வேலை பார்க்கற ஒரு நண்பர், மலையாளி, இந்தச் சிப்பாய்கள் மேல பைத்தியம். அபூர்வ நிறம்னு சொல்லி முகம் தெரியாத ஒருத்தர்கிட்ட ஆன்லைன்ல நாலாயிரம் ரூபாய்க்கு ஒண்ணு வாங்கினார். பார்க்கறதுக்கு அருமை. பெயிண்ட் தடம் இல்லை, திட்டு இல்லை. ரப்பர் வளையம் தளர்ந்திருக்குன்னு முதுகு ஸ்க்ரூவைக் கழட்டினப்பதான் உள்பக்கத்துல சாதாரணமா கிடைக்கற பழைய நிறம் பல்லை இளிச்சது. வித்தவர் முழுசா கழட்டாம முக்கியிருக்கார், சாயம் உள்ள சரியா போகலை. "சாரே, இவன் முழுசா கழட்டி முக்கியிருந்தா எனக்கு ஆயுசுக்கும் தெரிஞ்சிருக்காது"ன்னார். பணம் போனதைவிட அவருக்கு இதுதான் வருத்தம். இப்ப அலமாரியில இருக்கற மத்த இருபது பொம்மை மேலயும் சந்தேகம் வந்துடுச்சு. ஒவ்வொண்ணா ஸ்க்ரூ டிரைவரோட உட்கார்ந்திருக்கார்.

இதைக் கேட்டுட்டு, "பார்த்தீங்களா, அதனாலதான் சொல்றோம், பொம்மையில கையே வைக்கக்கூடாது, சாயம் போடறவனெல்லாம் துரோகி"ன்னு குதிக்கற சுத்த சேகரிப்பாளர்கள் கட்சி ஒண்ணு இருக்கு. எனக்கு அதுல உடன்பாடு இல்லைங்க.

நம்ம வீட்டுக் கொலு பொம்மையை எடுத்துக்குங்க. இந்த ஊர்ல கரமனையிலயும் வலியசாலையிலயும் தலைமுறை தலைமுறையா இருக்கற தமிழ்க் குடும்பங்கள் இருக்காங்க. நவராத்திரிக்கு பத்மநாபபுரத்துல இருந்து சரஸ்வதி அம்மன் ஊர்வலமா கோட்டைக்கு வர்ற சமயத்துல இவங்க வீட்டுப் பரணெல்லாம் காலியாகும். தசாவதார செட்டுல ஒருத்தருக்கு மூக்கு உடைஞ்சிருக்கும், செட்டியார் அம்மாவுக்குப் புடவை வெளுத்திருக்கும். உட்கார்ந்து வண்ணம் பூசுவாங்க. பாட்டி காலத்துல பச்சையா இருந்த புடவை அம்மா காலத்துல அரக்காகும். யாராவது அதைக் கள்ளம்னு சொன்னதுண்டா? பொம்மை அவங்களுது, படியில வைக்கப் போறாங்க, பேத்திக்குக் கொடுக்கப் போறாங்க. அதே நியாயம் பிளாஸ்டிக் சிப்பாய்க்கும் உண்டு.

காசு கணக்கும் இருக்கு. இறக்குமதிப் பொம்மைக்கு 2020-ல் சுங்கம் 20 சதவீதத்துல இருந்து 60 ஆச்சு, 2023-ல் 70 ஆச்சு. வெளியூர்ப் பொம்மை அபூர்வ நிறத்துல வேணும்னா சம்பளக்காரன் யோசிக்கத்தான் வேணும். கையில இருக்கற சாதாரணப் பொம்மையை இஷ்டப்பட்ட நிறத்துக்கு மாத்திக்கறதுல என்ன தப்பு? அடிக்கடி மாற்றலாகற குடும்பத்துல அட்டைப்பெட்டிக்குப் பெட்டி மாறி, கால் போய், கை போய் வந்து சேர்ற பொம்மைங்களுக்கு இது ஒரு மறுபிறவி. ரெண்டு உடைஞ்ச பொம்மையை ஒண்ணாக்கினா நிறம் ஒட்டாது, சாயத்துல போட்டா ஒட்டும்.

ஆனா கைமாறும்போது கதை வேற. கவரிங் நகை போட்டுக்கறது குத்தமா? நம்ம வீட்டுக் கல்யாணங்கள்ல பாதி அதுலதானே ஜொலிக்குது. கவரிங்கைத் தங்கம்னு சொல்லி அடகு வைக்க வந்தாத்தான் குத்தம். என் சர்வீஸ்ல அப்படி வந்தவங்களையும் பார்த்திருக்கேன். நகை மதிப்பீட்டாளர் உரைகல்லுல ஒரு இழுப்பு இழுத்ததும் முகம் மாறும் பாருங்க! பொம்மைச் சந்தையில அந்த உரைகல்காரர் இல்லைங்கறதுதான் பிரச்சினையே. நல்லா சாயம் போட்ட பொம்மையை ஃபோட்டோவுல பார்த்துக் கண்டுபிடிக்க ரொம்பக் கஷ்டம். கையில வாங்கிப் பார்த்தா சில வழி இருக்கு. ஸ்க்ரூ குழிக்குள்ள பாருங்க, மூட்டுக்குள்ள மறைஞ்ச இடத்தைத் திருப்பிப் பாருங்க. வெள்ளைப் பஞ்சுல ஸ்பிரிட் தொட்டு மறைவான ஒரு இடத்துல லேசா தேய்ச்சா, சரியா இறங்காத சாயம் பஞ்சுல வரும் (பெயிண்ட் இருக்கற இடத்துல இதைச் செஞ்சுடாதீங்க, அதுவும் வந்துடும்). சந்தேகம் தீரலைன்னா உள்பக்கம் ஒரு ஊசி முனையால சுரண்டினா மேல்தோலுக்குக் கீழ பழைய நிறம் தெரியும். ஆனா அபூர்வப் பொம்மையைச் சுரண்ட யாருக்கு மனசு வரும்?

அதனால நான் சொல்றது இதுதான். அடையாளம் போடற கடமை வாங்கறவன் தலையில இல்லை, சாயம் போட்டவன் தலையில. முக்கி எடுத்துக் காய வெச்சதும், உடம்பு ரெண்டா பிரியற இடத்துல, வெளிய தெரியாத உள்பக்கமா, அழியாத பேனாவுல 'சாயம்'னு எழுதி, வருஷத்தையும் போட்டுடுங்க. பொம்மையோட அழகு ஒரு துளி குறையாது. "நான் விக்கவே போறதில்லை, எனக்கு எதுக்கு?"ன்னு கேக்கறவங்களுக்குத்தான் முக்கியமா சொல்றேன். நீங்க விக்க மாட்டீங்க. இருபது வருஷம் கழிச்சு உங்க பையன் வீடு மாறும்போது விப்பான், அவனுக்கு விஷயமே தெரியாது. அவன் யோக்கியமா ஒரு பொய் சொல்லுவான். லாக்கர்ல இருக்கற நகையில எது தங்கம், எது கவரிங்னு சொல்லாமலே போயிட்ட மாமியார்களால எத்தனை குடும்பத்துல மனஸ்தாபம் வந்திருக்குன்னு எங்க லாக்கர் ரூம் சுவத்தைக் கேட்டா சொல்லும். :-)

சரி, வீட்டுல செய்யப் போறவங்களுக்கு ரெண்டு வார்த்தை.

சாயம் வைக்கற பாத்திரத்தை மறுபடி சமையலுக்கு எடுக்காதீங்க. கரண்டியையும்தான். ஜன்னலைத் திறந்து வைங்க, கையுறை போடுங்க. வாயில வெச்சுக்கற வயசுக் குழந்தை இருக்கற வீட்டுல சாயம் போட்ட பொம்மை கீழ் அலமாரியில இருக்கக்கூடாது. 2021 ஜனவரியில இருந்து இந்தியாவுல விக்கற பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். கன உலோகம் கசியுதான்னு வரைக்கும் சோதிச்சுத்தான் அந்த முத்திரை கிடைக்குது. நாம துணிச் சாயத்துல முக்கின நிமிஷமே அந்தச் சோதனைக்கு அர்த்தம் இல்லாம போயிடுது. இது பெரியவங்க அலமாரிக்கான விளையாட்டு.

மிச்ச சாயத்தண்ணி விஷயம். ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணியை நான் நேர்ல பார்த்திருக்கேன். விவசாயத்துக்குன்னு கட்டின அணை சாயக்கழிவுத் தொட்டியான கதையை எங்க பக்கத்து ஆளுங்ககிட்ட கேளுங்க, தொண்டை அடைச்சுக்கும். 2011 ஜனவரியில சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னப்ப, நான் பார்த்த ஃபைல்கள்ல பாதி வாராக்கடன் பக்கம் சாய்ஞ்சது. ஆனாலும் அந்தத் தீர்ப்பு சரின்னுதான் இன்னிக்கும் சொல்வேன். ஒரு பாத்திரம் சாயத்தண்ணியால நொய்யல் சாகாது, தெரியும். இருந்தாலும் அதைக் கிணத்தடியிலயோ செடிக்கோ கொட்டாம, நிறம் தீர்ற வரைக்கும் அதே தண்ணியில இன்னும் ரெண்டு பொம்மையைப் போட்டு எடுத்துட்டு, மிச்சத்தை நிறைய தண்ணி விட்டுக் கழிவறையில ஊத்துங்க.

பையனும் நானும் ஒரு வெள்ளை ரோபோவுல ஆரம்பிச்சோம். ஒரு கை இல்லாதது, விக்கவும் முடியாது, தூக்கிப்போடவும் மனசு வரலை. சாலை பஜார்ல சாயம் கேட்டா முதல்ல பருத்திச் சாயத்தைத்தான் எடுத்து நீட்டினாங்க. கடைக்காரர் நம்ம திருநெல்வேலிக்காரர். "பிளாஸ்டிக் பொம்மைக்கா? ஏன் சார், புதுசு வாங்கிக் குடுத்தா என்ன?"ன்னு சிரிச்சார். டிஸ்பர்ஸ் சாயத்தை கடைசியில தபால்ல வரவழைச்சோம். முக்கால் மணி நேரம் ஆச்சு. கறுப்பு வரும்னு நினைச்சோம், கொஞ்சம் கத்திரிப்பூ கலந்த கறுப்பு வந்தது. பையனுக்கு அதுதான் ரொம்பப் பிடிச்சுப் போச்சு. காலுக்கு உள்பக்கம் 'சாயம்'னு அவனே எழுதினான். கால் எதிர்ப்பக்கத்துல தன் பேரையும் எழுதிக்கிட்டான்.

நண்பர் அந்த நாலாயிரம் ரூபாய்ச் சிப்பாயை என்ன செய்யறதுன்னு இன்னும் முடிவு பண்ணலை. அதே விலைக்கு இன்னொருத்தர் கேட்டாராம். இவர் விவரம் சொன்னதும் ஐநூறுக்குக் கேக்கறாராம்.